தொண்ணூறு கிராம்

நெவாடாவில், ரீனோவுக்குக் கிழக்கே
வாடகைக் கிடங்கு பதினேழில்
நான்கு வருடமாக ஒரு காரைக் காவல் காக்கிறேன்.
எரிந்த கார்.
தொடாதே, துடைக்காதே, நகர்த்தாதே என்று
கண்ணாடி போன சட்டத்தில்
நீதிமன்றச் சீட்டு தொங்குகிறது.
அதன் மேல் படியும் தூசியும் சாட்சியமாம்.
என் துடைப்பம் அதன் நிழலோரம் நின்றுவிடும்.

பெயர் மைட்டே எச்செவெரி.
சாவி என்னிடம் உண்டு, கருத்து கிடையாது
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

விளம்பரப் புத்தகத்தில் இதன் எடை
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கிலோ.
செருப்புக் கடை விலைபோல.
ஆயிரத்து முந்நூறு என்றால் காதுக்குக் கனக்கிறதாம்.
அந்த ஒன்பதுகளுக்காக எங்கெங்கோ சுரண்டினார்கள்.
கதவுக் கைப்பிடி நாடாவாயிற்று.
கம்பளம் மெலிந்தது.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
கடைசியில் பெட்ரோல் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் நடுவே
வெப்பம் தடுக்க வைத்திருந்த தகட்டில் கை வைத்தார்கள்.
தொண்ணூறு கிராம்.
ஓர் எலுமிச்சம்பழம்.

சோதனைப் பொறியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்:
"ஓடும்போது காற்று குளிர்விக்கும். நின்றால்?"
மேலிருந்து பதில் வந்திருக்கிறது:
"நம் வாடிக்கையாளர்கள் நிற்பதில்லை."

கெண்ட்ரா ஆஸ்ட்லர் வாடிக்கையாளர் இல்லை.
பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளர்.
பள்ளி நூலகத்துக்கு நிதி திரட்டிய ஏலத்தில்
முந்நூற்று நாற்பது டாலருக்கு
ஒரு மணி நேரச் சவாரியை எடுத்தவள்.
என் அப்பா ஆடு ஓட்டிப்போன கணவாய் வழி.
மேடு ஏறும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்
என்கிறார் ஓட்டியவர்.
அப்புறம் சாலைப் பணி.
கொடிக்காரர் கையில் 'நில்' பலகை.
ஆகஸ்ட் வெயில். இருபத்திரண்டு நிமிடம்.
நின்றார்கள்.

தீப்பிடித்தபோது வேகம்: பூஜ்யம்.
அறிக்கையில் அந்தக் கட்டத்தை மட்டும்
போலீஸ்காரர் பேனாவை அழுத்தி நிரப்பியிருக்கிறார்.

அவர் பக்கக் கதவு திறந்தது.
அவள் பக்கம் மின்பூட்டு; கம்பி உருகிவிட்டது.
கையால் திறக்க ஒரு கயிறு இருந்தது,
இருக்கைக்கு அடியில், கம்பளத்துக்குக் கீழே,
கையேட்டின் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில்.

"நெடுநேரம் நிற்க வைப்பது முறையற்ற பயன்பாடு,"
என்றார் கம்பெனி வக்கீல்.
"ஏலம் கேட்டபோதே ஆபத்தையும் சேர்த்துத்தான் கேட்டார்."
அவர் வந்த வாடகைக் கார்
சாயங்காலம்வரை என் வாசலில் நின்றது.

போன மார்ச்சில், ஒப்பிட்டுப் பார்க்க,
அதே மாதிரிப் புதுக் கார் ஒன்றை லாரியில் கொண்டுவந்து
இதன் பக்கத்தில் இறக்கினார்கள்.
மஞ்சள். என் கிடங்கில் அவ்வளவு மஞ்சள் இருந்ததில்லை.
அண்ணன் வெண்டல் கேட்டார்:
"ஒரு தடவை உட்காரட்டுமா?"
வக்கீல்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சரி.
அவள் பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.
இருநூற்றுப் பதினான்காம் பக்கம் அவருக்கு மனப்பாடம்.
புகை இல்லை. கத்தல் இல்லை.
நான் மனசுக்குள் எண்ணினேன்.
பத்தொன்பதில் கதவு திறந்தது.
அவர் இறங்கவில்லை.

ஜூனில் சமரசம்.
தொகை எனக்குத் தெரியாது,
தெரிந்தவர்கள் சொல்லக்கூடாது.
'எத்தரப்பும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.'
காரை நசுக்கலாம் என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது.

பழைய இரும்புக்காரன் எடைமேடையில் ஏற்றிச்
சீட்டைக் கையில் கொடுத்தான்:
ஆயிரத்து நாற்பது.
மீதி எங்கே என்று அவன் கேட்கவில்லை.
அது அவன் வேலையும் இல்லை.

கிடங்குத் தரையில் கார் நின்ற இடம்
இப்போதும் கார் வடிவத்தில் கிடக்கிறது.
பெருக்கலாம். இனி யாரும் தடுக்கப் போவதில்லை.

மஞ்சள் காரோடு வந்தவர்கள் விட்டுப்போன
புது மாடல் விளம்பரப் புத்தகம் என் மேஜையில்.
தகடு திரும்பி வந்திருக்கிறது, படத்தோடு,
பாதுகாப்பில் எங்கள் அக்கறை என்ற தலைப்பில்.
கடைசிப் பக்கம் புரட்டினேன்.
எடை
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

இந்தத் தடவை எங்கிருந்து எடுத்தார்கள்?